கடைசி இரண்டு டின்கள்

வண்டியில் பிரேக் பிடித்தவர் ஆபத்து இருக்கிறது என்று என்னிடம் முன்பே சொல்லியிருந்தார். அவர் எதுவும் சொல்லவில்லை என்று நான் போலீஸிடம் சொன்னேன். நான் செய்த தவறு இதுதான். வண்டி போய் மோதியதையும், அவருடைய வலது கை நசுங்கியதையும் என் அறியாமை என்று சொல்லி ஒருவேளை தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த "இல்லை"யை நான் யோசித்துத்தான் சொன்னேன். எனக்கு வயது எண்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

எழுபதுகளின் நடுவில் நான் பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்தேன். சென்னையில் ஓவியம் படித்துவிட்டு வந்தவன். படித்ததில் பாதிகூடப் பள்ளிக்கூடத்தில் தேவைப்படவில்லை. வருஷம் முழுவதும் பூசணிக்காயும் கூஜாவும் வரையக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அதனால் தமிழ்நாட்டு எல்லையில் இருந்த கோபாலபுரம் செக்போஸ்டுக்குப் பக்கத்தில் மிருகப் பூங்கா நடத்திய நிலக்காரர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டபோது, மறுநாள்வரைகூடக் காத்திருக்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன்.

பூங்கா என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அவருடைய தோட்டத்தில் ஒரு பகுதி. மான்கள், இரண்டு கரடிகள், ஒரு மலைப்பாம்பு, நிறையக் குரங்குகள், பல் தேய்ந்த ஒரு சிறுத்தை. நடுவில் பாறையும் முள்ளுமாக ஒரு கரடு, அதாவது சிறு குன்று. அந்தக் கரட்டின் மேலிருந்து தண்டவாளத்தில் உருண்டு இறங்கும் வண்டி ஒன்றை எப்போதோ ஒரு பொருட்காட்சிக்காரர் மரக்கால்கள் நட்டுப் போட்டுக்கொடுத்திருந்தார். ஜனங்கள் அதைக் குலுக்கு வண்டி என்றார்கள். கறையானும் இரண்டு பெருமழையும் அதைத் தின்று தீர்த்துவிட, இப்போது இரும்புக்கால்கள் போட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வழி, வளைவு, சரிவு எல்லாவற்றையும் ஒரு ஃபிட்டர் பார்த்துக்கொண்டார். அதற்கு ஒரு தோற்றம் கொடுக்கத்தான் என்னை அழைத்தார்கள்.

"ஏனுங்க மாஷே, ராக்கெட்டாட்டம் பண்ணிப்போடலாமா?" என்று கேட்டார் பூங்கா முதலாளி; அந்தப் பக்கத்தில் வாத்தியாரை மாஷ் என்பார்கள். "மேல நெலா வெச்சுரலாம். மனுசன் நெலாவுக்கே போயிட்டு வந்துட்டான். நம்ம சனம் கோபாலபுரத்துலருந்து போயிட்டு வரட்டுமே."

"நிலாவுக்குப் போற வழியில கரடிக் கூண்டு இருக்குமாங்க?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "அது வாஸ்தவந்தான். அப்ப எமலோகம் வெக்கலாமுங்களா? எண்ணெய்க் கொப்பரை, ரம்பம், கிங்கரனுக... பொருட்காட்சில அதுக்குத்தான் கூட்டம் அம்முது."

என் யோசனை வேறு. இங்கே வருகிறவர்கள் கூண்டுக்கு வெளியே நின்று மிருகத்தைப் பார்க்கிறார்கள். வண்டியில் ஏறியதும் அவர்களே மிருகமாகிவிட வேண்டும். வண்டி ஒரு புள்ளிமான். அதன் காதுகள் பின்னால் மடிந்திருக்கும். மான் ஓடும்போது காது அப்படித்தான் இருக்கும். அதில் உட்கார்ந்திருப்பவர்களை ஒரு புலி துரத்தும்.

"புலி எங்கீங்க நிக்கும்?"

"புலி இருக்காதுங்க."

"புலியில்லாத புலிக்காடா? ஊர்ல சிரிப்பாங்க மாஷே."

"இருக்குன்னு தெரியும். கண்ணுல படாது."

அவருக்கு அரை மனதுதான். ஆனால் நான் வரைந்து காட்டிய படங்களைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். வாயைப் பிளந்த புலித்தலை ஒன்றைக் குகை வாசலில் வைப்பது எவருக்கும் தோன்றக்கூடியது; அதைப் பார்த்துக் குழந்தைகள் சிரிப்பார்கள். நான் சிமெண்டில் காலடித் தடங்கள் மட்டும் பதித்தேன். பூங்காவின் சிறுத்தையை ஈர மணலில் நடக்கவிட்டு, அந்தத் தடத்தை இரண்டு பங்கு பெரிதாக்கிச் செய்தவை. முதல் சரிவில் ஒன்றிரண்டு. வளைவில் கொஞ்சம் நெருக்கமாக. குகைக்கு முன்னால் தண்டவாளத்தின் இரண்டு பக்கமும். குகை வாசலில் தடம் சட்டென்று நின்றுவிடும். அது எங்கே போயிற்று என்று நினைப்பதற்குள் வண்டி இருட்டுக்குள் நுழைந்துவிடும்.

நிறத்தில் மிகவும் பிடிவாதமாக இருந்தேன். கடைப் பச்சையில் அடுப்புக்கரியும் மண்ணும் கலந்து, உண்ணிச்செடி இலையின் அடிப்பக்கம் போல ஒரு சாம்பல் பச்சை வரும்வரை குழைத்துக்கொண்டே இருந்தேன். சிவப்பு ஒரு பொட்டுகூடக் கூடாது என்று சொன்னேன். எச்சரிக்கைக்காக ஃபிட்டர் சிவப்பு அடித்திருந்த இரண்டு கம்பங்களையும் பச்சையாக்கினேன். அவர் முணுமுணுத்தார். முதலாளி என் பக்கம் நின்றார்.

குகை என்பது தகரமும் பலகையும் அடித்து மேலே கல்போலச் சிமெண்ட் பூசிய ஒரு நீண்ட பெட்டி. அதற்குள்தான் என் புலி இருந்தது. எங்கள் பக்கம் கடலைக்காட்டில் பன்றி விரட்ட ஒரு சாமான் வைத்திருப்பார்கள். மண்ணெண்ணெய் டின்னின் ஒரு பக்கத்தை வெட்டி ஆட்டுத்தோலை இழுத்துக் கட்டி, நடுவில் ஒரு முறுக்கு நரம்பைக் கோர்த்து, நரம்பில் குங்கிலியம் தேய்த்துவிடுவார்கள். அந்த நரம்பை அழுத்தி உருவினால் டின் உறுமும். அது மனிதன் எழுப்பும் சத்தம் போலவே இருக்காது. அப்படி ஐந்து டின்களைக் குகைக்குள் வரிசையாக வைத்தேன். வண்டியின் அடியில் கட்டிய ரப்பர்ப் பட்டை ஒவ்வொரு நரம்பையும் உருவிக்கொண்டு போகும். டின்களைச் சுவரில் மாட்டாமல் தண்டவாளத்தின் அடிக்கட்டைகளோடு சேர்த்து ஆணியடித்தேன். உறுமல் காதில் கேட்டால் போதாது, உட்கார்ந்திருப்பவரின் அடிவயிற்றில் ஏற வேண்டும் என்பது என் கணக்கு.

தண்டவாளங்கள் மலையிலிருந்து வந்தவை. சின்னக்கானல் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில் இலை மூட்டை இறக்கும் டிராலிப் பாதையைப் பிரித்தபோது அவற்றை முதலாளி வாங்கினார். அவற்றோடு ஒரு ஆளும் வந்தார். அந்த டிராலியில் பல வருஷம் பிரேக் பிடித்தவர். நாற்பது வயதிருக்கும். கிறிஸ்தவர், சபையில் சேர்ந்த பிறகு குடியை அடியோடு விட்டவர் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். மனைவி எஸ்டேட்டிலேயே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். மாதம் ஒரு முறை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

எங்கள் வண்டியில் பிரேக் கீழே, வண்டி வந்து நிற்கும் மேடையில் இல்லை. வண்டியின் பின்னிருக்கையில் அவர் உட்கார்ந்து, ஒரு இரும்புப் பிடியை இழுத்து நிறுத்த வேண்டும். குகையை விட்டு வெளியே வந்ததும் கடைசிச் சரிவு. அங்கே வந்து இழுத்தால் நேரம் போதாது. குகைக்குள்ளேயே இழுக்கத் தொடங்கிவிட வேண்டும். குகைக்குள் ஒன்றுமே தெரியாது.

"இருட்டுல எப்படித் தெரியுது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தட்டு எண்ணுவேன் சார்." தண்டவாளமும் தண்டவாளமும் சேரும் இடத்தில் சக்கரம் ஏறும்போது வரும் தட்டலைச் சொன்னார். "குகை வாசல்லருந்து ஒம்பதாவது தட்டுல பாதி. பன்னெண்டுல முழுசா இழுத்துருவேன். மலையில மூடுபனிக்குள்ள எல்லாம் அப்படித்தான். கண்ண நம்பினா செத்தோம். குதிங்கால்ல வரும் பாருங்க, அதான் கணக்கு."

டின்கள் இல்லாமல் நடந்த ஓட்டங்களில் வண்டி மேடையில் பூப்போல வந்து நின்றது. டின்களை வைத்து முதலில் ஓட்டிய நாளில் முன்னிருக்கையில் நான் இருந்தேன். நான் செய்த சாமான், எங்கே என்ன வரும் என்று அத்தனையும் எனக்குத் தெரியும். இருந்தும் இரண்டாவது டின் உறுமியபோது என் கால்கள் தாமாகவே மேலே மடங்கிக்கொண்டன. வெளியே வந்ததும் சிறுத்தைக் கூண்டைப் பார்க்கிறவர் ஓடிவந்தார். சிறுத்தை மூலையில் போய் ஒண்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே சிறுநீர் விட்டுவிட்டதாம். எனக்கு அதைக் கேட்டு அவ்வளவு பெருமை. சென்னையில் எந்த ஆசிரியரும் என் வேலையை அப்படிப் பாராட்டியதில்லை.

வண்டி அன்று மேடையைத் தாண்டி மூன்று முழம் தள்ளி நின்றிருந்தது. அதை நான் கவனிக்கவில்லை. பிரேக்காரர் இறங்கி என்னைத் தனியாக மான் வேலிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"சார், கோவிச்சுக்கிடாதீங்க. அந்தச் சத்தத்துல தட்டு கேக்கல. கால்லயும் உறுமல்தான் வருது, தட்டு வரல. நான் குத்துமதிப்பாத்தான் இழுத்தேன்."

"நாலு நாள்ல பழகிடும்."

"பழகுத காரியம் இல்ல சார் இது. கடைசி ரெண்டு டின்ன மட்டும் எடுத்துருங்க. இல்லன்னா ஒம்பதாவது தட்டுக்கு நேரா கூரையில ஒரு பொட்டு ஓட்டை போட்டுத் தாங்க. கைவிரல் நுழையுற அளவு வெளிச்சம் போதும்."

கடைசி இரண்டு டின்கள்தான் உச்சம். அவற்றுக்காகத்தான் முதல் மூன்றும். வெளிச்சம் ஒரு பொட்டு விழுந்தாலும் பலகையும் ஆணியும் தெரிந்துவிடும், புலி செத்துப்போகும். பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தேன். அன்று மாலை முதலாளி கேட்டார்: "பிரேக்காரன் என்ன சொல்றானுங்க? அவனுக்குத் திருப்திதானா?"

"திருப்திதானுங்க," என்றேன்.

இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அவர் குத்துமதிப்பாகவே இழுத்துக்கொண்டிருந்தார். வண்டி சில சமயம் முன்னால் நின்றது, சில சமயம் தள்ளி நின்றது. ஜனங்கள் அதையும் வேடிக்கையின் ஒரு பகுதி என்று நினைத்தார்கள். பார்க்கும்போதெல்லாம் அவர் "சார், அந்த ரெண்டு டின்" என்பார். நான் சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை என்று தள்ளிக்கொண்டே வந்தேன். பிறகு அவர் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போவதை விட்டுவிட்டேன்.

பொங்கல் முடிந்து பூப்பறிக்கிற நோம்பி அன்று பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். எங்கள் பக்கத்தில் அன்று பெண்பிள்ளைகள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ஊருக்கு வெளியே போய்ப் பொழுது கழித்துவிட்டு வருவது வழக்கம். அந்த வருஷம் எல்லோரும் பூங்காவுக்கே வந்துவிட்டார்கள். வண்டியில் ஒன்பது பேர் உட்கார வேண்டிய இடத்தில் பதினொரு பேர். நான் கீழே மேடைக்குப் பக்கத்தில் நின்று அவர்கள் முகத்தைப் பார்க்கக் காத்திருந்தேன். அதற்காகத்தான் போயிருந்தேன்.

குகைக்குள் உறுமல் கேட்டது. பெண்கள் அலறினார்கள். அலறல் நிற்காமல் வண்டி வெளியே வந்தது. நான் அதுவரை பார்த்திராத வேகம். அதன் பின்னால் அவர் எழுந்து நின்று இரண்டு கையாலும் பிடியை இழுத்துக்கொண்டிருந்தார். மானின் மடிந்த காதுகள் என் கண்ணுக்கு நேராக வந்தன. ஓடக்கூட எனக்குத் தோன்றவில்லை. வண்டி மேடையைக் கடந்து, மணல் மேட்டில் ஏறி, கடைசித் தடுப்புக் கம்பத்தில் மோதி ஒருபக்கமாகச் சாய்ந்தது.

யாரும் சாகவில்லை. இதை எத்தனை தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று கணக்கில்லை. ஒரு பெண்ணுக்குக் காறை எலும்பு முறிந்தது. பலருக்கு உதடும் நெற்றியும் கிழிந்தது. பிரேக்காரரின் வலது முன்கை இரும்புப் பிடிக்கும் தடுப்புக் கம்பத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. மிருகங்களுக்கு மருந்து போடும் கம்பவுண்டர் ஓடிவந்து, கையில் இருந்த ஸ்பிரிட் பாட்டிலை அப்படியே அவர் கைமேல் கவிழ்த்துத் துணி சுற்றினார். பிரேக்காரர் என்னைப் பார்த்தார். பார்வையில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எஸ்.ஐ. வருவதற்கு இரண்டு மணி நேரமானது. அதற்குள் நான் குகைக்குள் புகுந்து கடைசி இரண்டு டின்களையும் பிடுங்கி, சாயத் துணியில் சுற்றி சைக்கிளில் கட்டினேன். என்னை யாரும் பார்க்கவில்லை. ஆணி பெயர்க்கும்போது நகம் பிய்ந்தது. அது வலிக்கிறது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

எஸ்.ஐ. மலையாளி, மரியாதையானவர். பிரேக்காரர் பக்கம் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு ஏட்டிடம் "மது" என்று எழுதச் சொன்னார். அது கம்பவுண்டரின் ஸ்பிரிட். கம்பவுண்டர் அப்போது காயம்பட்ட பெண்களோடு வேனில் போய்விட்டிருந்தார். அது மருந்து வாசனை என்று சொல்லக்கூடியவன் அங்கே நான் ஒருவன்தான். பிறகு எஸ்.ஐ. என்னிடம் வந்தார்.

"மாஷே, ஈயாள் நிங்ஙளோடு வல்ல பராதியும் பறஞ்ஞிருந்நோ?" இந்த ஆள் உங்களிடம் ஏதாவது புகார் சொல்லியிருந்தாரா என்று கேட்டார்.

வேனில் இடம் கிடைக்காத பிரேக்காரர் நான்கடி தூரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மலையாளம் அவருக்கு நன்றாகப் புரியும்.

"இல்லை," என்றேன்.

அவர் துணி சுற்றிய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவரை வேறொரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் முதலாளி அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டதாகச் சொல்லி அனுப்பினார். வழக்கு எதுவும் போடவில்லை. குடித்துவிட்டு வண்டியோட்டினார் என்று போலீஸ் மகசர் அறிக்கையில் எழுதியதோடு முடிந்தது.

டின்களை வீட்டு அடுப்பில் எரித்தேன். தோல் எரியும் நாற்றம் வீட்டை விட்டுப் போக நாளாயிற்று. என்ன எரித்தீர்கள் என்று மனைவி கேட்டபோது பழைய செருப்பு என்றேன். அதன் பிறகு எனக்குப் பயத்தைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் பலகையில் கோடு கோணிக்கொண்டு போகும். மலைக்குப் போகும் வழியான உடுமலைப் பக்கத்திலிருந்து வரும் பஸ்ஸில் கைக்குக் கட்டுப் போட்ட யாரைப் பார்த்தாலும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவேன். தலைமையாசிரியர் கூப்பிடுகிறார் என்று பியூன் வந்து நின்றால், போகும் வழியெல்லாம் "இல்லை" என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போவேன். அவர் கூப்பிட்டது சாக்பீஸ் கணக்குக்காக இருக்கும். எட்டு மாதம் இப்படித்தான் போயிற்று.

இரண்டாம் மாதத்தில் ஒரு கார்டு வந்தது. கையெழுத்து பிரேக்காரருடையது அல்ல, அவர் மனைவி எழுதியிருந்தாள். எஸ்டேட்டில் வேறொரு டிராலிப் பாதைக்கு ஆள் எடுக்கிறார்கள். கை தேறிக்கொண்டு வருகிறது. ஆனால் குடிகாரன் என்ற பேச்சு மேனேஜர் துரை காதுக்கு வந்துவிட்டது, சபையிலும் விசாரிக்கிறார்கள். "அவர் குடிக்கவில்லை என்று நீங்கள் ஒரு வரி எழுதிக்கொடுத்தால் போதும். வேறு எதுவும் எழுத வேண்டாம்." டின்னைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அந்த ஒரு வரியை நான் எழுதவில்லை. குடிக்கவில்லையென்றால் ஏன் மோதியது என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்வி என் வீட்டுக்குத்தான் வரும். கார்டை ஒரு பழைய அட்லஸுக்குள் வைத்தேன். மூன்றாம் நாள் எடுத்துக் கிழித்தேன். ஆனாலும் அதில் இருந்தது எனக்கு வரி வரியாக ஞாபகம் இருந்தது.

ஓணத்துக்கு முன்னால் முதலாளி கூப்பிட்டனுப்பினார். வண்டியை மறுபடி ஓட்டத் தொடங்கியிருந்தார்கள். புதிய பிரேக்காரன் லாரி கிளீனராக இருந்த ஒரு வாலிபன்.

"ஏனுங்க மாஷே, உறுமல் கம்மியாயிருச்சுன்னு சனம் சொல்லுது. எண்ணிப் பாத்தா மூணு டின்னுதான் கெடக்குது. ரெண்ட எவனோ களவாண்டுட்டுப் போயிட்டான். ஓணத்துக்குள்ள வெச்சுக் குடுத்துருங்க."

சரி என்று சொல்லிவிட்டு, வண்டியில் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன் என்றேன். பின்னிருக்கையில் அந்த வாலிபனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். குகை வாசலில் இருந்து தட்டு எண்ண முயன்றேன். மூன்று டின்னிலேயே நான்காவது தட்டுக்கு மேல் என்னால் எண்ண முடியவில்லை. கும்மிருட்டில் அடுத்த சரிவு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது எப்படி என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இருக்கையை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன்.

"நீ எப்படித் தெரிஞ்சு இழுக்கறே?" என்று இறங்கியதும் கேட்டேன்.

"கணபதியக் கும்பிட்டுட்டு இழுக்கறதுதானுங்க," என்று சிரித்தான். அவனுக்கு விளையாட்டு.

அங்கிருந்து நேராக முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மான் வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அன்னைக்கு உங்களக் கேட்டனே மாஷே, அவனுக்குத் திருப்தியான்னு."

"கேட்டீங்க."

"எம்பட தோட்டத்துல நடந்தது. இப்ப நீங்க ஊரைக் கூட்டிச் சொன்னீங்கன்னா நானும் சேந்துதான் நாறணும். வாயை மூடிட்டு இருங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது, நீங்க ஒண்ணும் சொல்லல."

மறுநாளே கொத்தனாரை விட்டுக் குகைக் கூரையில் ஓட்டை போடச் செய்தார். டின் பேச்சை அதன் பிறகு எடுக்கவில்லை. என்னையும் கூப்பிடவில்லை.

நான் இரண்டு நாள் உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினேன். டின்கள், கூரை ஓட்டை, ஸ்பிரிட், போலீஸிடம் சொன்ன பொய், எரித்தது எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு பிரதியை எஸ்.ஐ.யிடம் கொடுத்தேன். அவர் மாற்றலாகி வந்த புதியவர்; படித்துவிட்டு, வழக்கே இல்லாத விஷயத்துக்கு இது எதற்கு மாஷே என்று ஃபைலுக்குள் வைத்துக்கொண்டார். இன்னும் இரண்டு பிரதிகளோடு மலைக்குப் பஸ் ஏறினேன். உடுமலை, மறையூர், மூணாறு. மறையூரில் பஸ் நின்றபோது வெல்லம் காய்ச்சும் வாடை உள்ளே வந்தது.  திரும்பிப் போகும் பஸ் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தது. இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்தேன்.

எஸ்டேட் ஆபீஸில் துரை இல்லை. பெரிய கிளார்க் ஒரு பிரதியை வாங்கிக்கொண்டார். பிறகு விசாரித்துக்கொண்டு, கூலி வீடுகளின் வரிசையான லயத்தில் பிரேக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் உட்கார்ந்து இடது கையால் விறகு பிளக்க முயன்றுகொண்டிருந்தார். வலது கை முழங்கைக்குக் கீழே வளைந்து ஒட்டியிருந்தது. என்னைக் கண்டதும் எழுந்துகொண்டார். வாங்க சார் என்றார். உட்காரச் சொல்லவில்லை.

நின்றபடியே சொல்லி முடித்தேன்.

"துரைக்கு எழுதினது துரைக்கு," என்றார். "அவர் இங்கிலீசுல மாத்தச் சொல்லிப் படிச்சிட்டு வச்சிருவாரு. எங்க ஆளுகளுக்கு யாரு சொல்லுவா? எட்டு மாசமா என்னைக் கண்டா வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கானுவ. கோயில்ல ராப்போசன அப்பமும் குடுக்கல. நாளைக்குக் காலைல பெரட்டுல வந்து வாசிங்க."

பெரட்டு என்பது காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் மைதானம். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வராததற்குச் சொல்ல என்னிடம் ஒரு சாக்கும் இல்லை. ஆனாலும் தங்கினேன்.

காலையில் பனி தரையோடு கிடந்தது. இருநூறு பேர் இருப்பார்கள். பெண்கள் தலையில் கொங்காணிச் சாக்குப் போட்டுக் கூடையோடு நின்றார்கள். கங்காணி என்னைக் கல்மேல் ஏறி நிற்கச் சொன்னார். முதல் பக்கத்தை வாசிக்கையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா வாசிங்க சார், பின்னால கேக்கல!" என்றாள் ஒரு பெண்.

"ஏலே, வாத்தியாருக்கே பரிச்சையா இன்னைக்கு!" என்று ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள்.

"முதல்லருந்து," என்றார் பிரேக்காரர், மனைவி நின்ற வரிசையின் ஓரத்திலிருந்து.

முதலிலிருந்து வாசித்தேன். "போலீஸ் கேட்டபோது இல்லை என்று பொய் சொன்னேன்" என்ற இடம் வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. யாராவது கல்லெறிவார்கள் என்று நினைத்தேன். எறிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். முடித்து இறங்கியதும் கங்காணி வழக்கம்போலப் பெயர் கூப்பிடத் தொடங்கினார். ஜனங்கள் கூடையை மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறினார்கள். பிரேக்காரரின் மனைவி என்னைக் கடந்து போகும்போது நின்றாள்.

"ஒரு வரிதானே சார் கேட்டோம்," என்றாள். பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள்.

டிராலி வேலைக்கு வேறொருவரை ஐந்து மாதம் முன்பே எடுத்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. எடுக்காமல் இருந்திருந்தாலும் அந்தக் கையால் பிரேக்கை இழுக்க முடிந்திருக்காது. என் கடிதத்துக்குப் பிறகு பிரேக்காரரை இலை நிறுக்கும் கொட்டகையில் காவலுக்குப் போட்டார்கள். கிறிஸ்மஸுக்குச் சபையில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள் என்று பெரிய கிளார்க் ஒரு கார்டு எழுதினார். எனக்கு எங்கிருந்தும் தண்டனை வரவில்லை. ஓய்வு பெறும் நாள்வரை அதே பள்ளியில் கூஜா வரையச் சொல்லிக்கொடுத்தேன்.

பெரட்டில் வாசித்த அன்று பஸ் நிறுத்தம் வரை பிரேக்காரர் என்னோடு வந்தார். என் பையை இடது கையில் தூக்கிக்கொண்டார். வாங்கப் பார்த்தேன், தரவில்லை.  பஸ் கொண்டை ஊசி வளைவில் தெரிந்ததும் பையைத் தரையில் வைத்தார்.

"மன்னிச்சிட்டேன்னு சொல்லணும்னு நினைக்கீங்க. சபையில கேட்டா சொல்லத்தான் செய்வேன். ஆனா இனிமே இங்க வராதீங்க சார். கோவத்துல சொல்லல. உங்களப் பாத்தா கை வலிக்கி."

அதன் பிறகு நான் அந்த மலைக்குப் போகவில்லை. அவர் என்னிடம் கேட்டவற்றில், பெரட்டில் வாசித்ததைத் தவிர, தள்ளிப்போடாமல் நான் செய்துகொடுத்தது அது ஒன்றுதான்.